அக்கரைப் பாட்டின் சரித்திரம்

எங்களுக்குச் சங்கீத சரித்திரம் நடத்திய டீச்சருக்குப் பாட வராது. சுருதி சேராது என்பது மட்டுமில்லை, குரலே தகரத்தில் ஆணியால் கீறுவது போல இருக்கும். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார். கேட்டால், "ஆண்டவருக்கு என் மனசு கேட்டாப் போதும். பக்கத்துல நிக்கவங்க என்ன பாவம் செஞ்சாங்க?" என்பார்.

பாளையங்கோட்டையில் மிஷன் நடத்திய பெண்கள் கல்லூரியில் நாங்கள் ஆறு பேர் எப்.ஏ. என்ற இரண்டு வருஷப் படிப்பில் இருந்தோம். டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டு தர்பார் நடந்த வருஷம் அது. நான் களக்காட்டிலிருந்து போனவள். என் அப்பா அங்கே ஒரு சின்னச் சபைக்கு உபதேசியார், பாதிரியாருக்குக் கீழே இருந்து ஜெபம் நடத்துகிறவர். டீச்சருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு, நல்ல உயரம். முழுக்கை வைத்த வெள்ளை ரவிக்கை, கரையில்லாத வெள்ளைச் சேலை. மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, தகப்பனாரோடு ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார்.

அவர் சரித்திர டீச்சர். சங்கீத சரித்திரம் பரீட்சைக்கு உள்ள பாடமில்லை. வாத்தியாருக்கும் உபதேசியாருக்கும் வாழ்க்கைப்படப் போகிற பெண்கள் ஆர்மோனியம் வாசித்தால் மட்டும் போதாது, சங்கீதம் வளர்ந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்று கல்லூரித் தலைவியான பெரிய மிஸ்ஸியம்மாள் நினைத்தார். அதற்காகச் சீமையிலிருந்து ஒரு தடித்த புத்தகம் கப்பலில் வந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கினார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை, பொய்முடி வைத்த துரைமார்கள் பலர் எங்கே பிறந்தார்கள், எங்கே இறந்தார்கள் என்று டீச்சர் வாசித்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை புத்தகத்தை மூடிவிட்டார்.

"இவங்க எல்லாரும் பெரியவங்கதான். இருக்கட்டும். போன ஞாயித்துக்கிழமை கோயில்ல ஒரு கீர்த்தனை பாடுனீங்கள்லா, அதைக் கட்டுனது யாரு?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"எந்த ஊர்ல கட்டுனாங்க? எந்தக் காலத்துல?"

ஒருத்தி மெதுவாக, "பழைய பாட்டு, டீச்சர்" என்றாள்.

"பழைய பாட்டுன்னா தன்னால முளைச்சுச்சா? தெரியாதுல்லா, அப்ப அதையே படிப்போம்."

அடுத்த வாரம் மிஷன் ஆபீஸிலிருந்து இரண்டு பியூன்கள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பில் இறக்கினார்கள். மூடியைத் திறந்ததும் வேப்பிலையும் வசம்பும் கலந்த வாடை அடித்தது. உள்ளே பழைய உபதேசியார்கள் மாதா மாதம் எழுதி அனுப்பிய தினசரிக் குறிப்புகள், சபைக் கூட்ட நடவடிக்கைகள், கடிதங்கள், நாலைந்து ஓலைக் கட்டுகள் இருந்தன. எங்கள் கையில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். எதை வாசித்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்றார். யார் எழுதினது? எப்போது எழுதினது? மூன்றாவது கேள்வியை அவர் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்பார்: "எழுதுனவரு அங்கன இருந்தாரா?"

அந்த மூன்றாவது கேள்விதான் அவர். வேறு எதை மறந்தாலும் அதை மறக்க முடியாது.

ஒரு நாள் எனக்குச் சபைக் கூட்ட நடவடிக்கை ஒன்று வந்தது. ஆராதனையில் கைத்தாளம் தட்டலாமா கூடாதா என்று அந்தக் காலத்தில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. கூடாது என்ற பெரியவர் சொன்ன காரணம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. தட்டலாம் என்றவர் பேச்சு ஒரே வரி: 'தாளம் கேட்டால் பரிசுத்த ஆவி ஓடியா போவார் என்று வினவினார்.' நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை.

"இதை எழுதுனது யாரு?"

கீழே கையெழுத்தைப் பார்த்தேன். தாளம் கூடாது என்றவரின் மகன்.

"அதான் இந்தப் பக்கம் ஒரு பக்கம், அந்தப் பக்கம் ஒரு வரி. அந்த மனுசன் ஒரு மணி நேரம் பேசியிருப்பாரு. அவரு பேசுனதுல சிரிப்பு வாரது மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கு. அவருக்காக ஒரு நிமிசம் வருத்தப்படுங்க."

ஓலை வாசிக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கோவையிலைச் சாற்றில் கரியைக் குழைத்து ஓலையில் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பி வரும். ஓலையில் புள்ளி இருக்காது, குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் இருக்காது. ஒரு சொல்லை நாலு விதமாகப் படிக்கலாம். "அவசரப்படாதீங்க. பைய வாசிங்க. தப்பா வாசிச்சா செத்தவங்க எந்திரிச்சு வந்து திருத்த மாட்டாங்க" என்பார். டீச்சரின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும்.

வகுப்புக்கு வெளியிலும் அதே கேள்விதான். ஒரு தடவை விடுதியில் கருவாடு காணாமல் போயிற்று. சமையல்காரிதான் எடுத்துக்கொண்டு போனாள் என்று மேட்ரன் அம்மாள் அவளை வெளியே அனுப்பப் போனார். எங்களில் மூன்று பேர், ஆமாம், அவள் மடியில் கட்டிக்கொண்டு போனாள் என்று சொன்னோம். டீச்சர் வந்து எங்களை வரிசையாக நிறுத்தினார்.

"நீ அங்கன இருந்தியா?"

"இவ சொன்னா, டீச்சர்."

"நீ?"

"இவ சொன்னா."

"நீ?"

மூன்றாவது நான். நானும் பார்க்கவில்லை. டீச்சர் மேட்ரன் பக்கம் திரும்பி, "மூணு சாட்சி இருக்கு, ஒருத்தருக்கும் கண்ணு இல்ல" என்றார். சமையல்காரி வேலையில் நீடித்தாள். அடுத்த வாரம் பரணில் குட்டி போட்டிருந்த பூனையைச் சுற்றிக் கருவாட்டு முள் கிடந்தது.

இனி அக்கரைப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் சபைகளில் அடக்க ஆராதனைக்குப் பாடுகிற பாட்டு. 'அக்கரையில் நீர் நிற்க ஆறெனக் கென்ன ஐயா' என்று தொடங்கும். தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி வந்த பேதியில் தாமிரபரணிக் கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தபோது, ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஒரு ஊரில் இருந்த இளம் உபதேசியார் ஒருவர், சாகக் கிடந்த தன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கட்டினார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த உபதேசியார்தான் எங்கள் டீச்சரின் அப்பா.

அறுபதைத் தாண்டியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. ஆனால் குரல் மட்டும் வெண்கலம். சுற்று வட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் அவரை அழைத்துப் போக வண்டி வரும். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து ஏறிப் போவார். குழி ஓரத்தில் நின்று பாடுவார். மூன்றாம் சரணத்தில் அவர் குரல் உடையும். பெண்டாட்டியை நினைத்துக்கொள்கிறார் என்று ஜனங்களும் சேர்ந்து அழுவார்கள். நாங்கள் டீச்சர் வீட்டுக்குப் போனால், வாதுமை மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, காலடிச் சத்தத்தை வைத்தே, "மூணு பேரு வந்திருக்கீங்க, வாங்கம்மா" என்பார். தலைமாட்டில் இருக்கும் டப்பாவைத் துழாவி ஆளுக்கொரு துண்டு பனங்கற்கண்டு தருவார். டீச்சர் தன் அப்பாவை எங்கள் முன்னால் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவர் கோட்டுக்கு டீச்சர் இஸ்திரி போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சுருக்கம் இருக்காது.

ஆவணி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டியின் அடியில் ஒட்டிக் கிடந்த ஒரு கட்டைப் பிரித்து டீச்சர் எங்களுக்குப் பங்கு போட்டார். வழக்கமாகத் தாம் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். அன்று தாள்கள் பிரியவே நேரமாகிவிட்டதால் வாசிக்கவில்லை. என் கைக்கு வந்தது பக்கத்து ஊர் உபதேசியார் ஒருவரின் தினசரிக் குறிப்பு. நான் எழுந்து நின்று வாசித்தேன்.

'இன்றையத் தினம் ஆற்றைக் கடந்து அவ்வூருக்குப் போனேன். பேதி உக்கிரமாயிருக்கிறது. அவ்வூர் உபதேசியார் அங்கே இல்லை. அவருடைய மனைவி வீடு வீடாய்ப் போய்க் கஞ்சி வார்த்து, சாகிறவர்கள் பக்கத்தில் இருந்து, தானே கட்டின ஒரு பாட்டைப் பாடி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியுமுன் அவளும் மரித்தாள். நானே அடக்கம்பண்ணினேன். அவள் பாடினதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.'

அதன் கீழே பாட்டு இருந்தது. 'அக்கரையில் நீர் நிற்க' என்று முதல் அடியை வாசித்ததும் என் நாக்கு நின்றுவிட்டது. டீச்சர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"மறுபடி முதல்லேர்ந்து வாசி."

வாசித்தேன்.

"எழுதுனவரு அங்கன இருந்தாரா?"

"இருந்திருக்காரு, டீச்சர்."

"அவ்வூர் உபதேசியாரு?"

நான் அந்த வரியை விரலால் மூடினேன்.

"தாள்ல என்ன இருக்குன்னு கேக்குதேன்."

"அவரு... இல்ல, டீச்சர்."

"நகல் எடு" என்றார். வேறொன்றும் சொல்லாமல் பெட்டியை மூடினார்.

மறுநாள் சனிக்கிழமை காலை நகலைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர் கட்டிலில் சுளகை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கண் தெரியாவிட்டாலும் விரல் தெரிந்து உருவும். நகலைத் தந்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். டீச்சர், "இரு. நீதான வாசிச்ச" என்று என்னை நிறுத்திவிட்டு அப்பாவின் எதிரே போய் நின்றார்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். அம்மா சாகும்போது நீங்க அங்கன இருந்தீங்களா?"

பெரியவரின் விரல் நின்றது.

"யாரும்மா என்ன சொன்னா?"

"யாரும் சொல்லல. தாள்ல இருக்கு."

என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முடிந்ததும் பெரியவர், "அவரு எழுத்து முத்து முத்தா இருக்கும். நல்ல மனுசன்" என்றார்.

"அவரு எழுதுனது சரியா?"

"சரிதான்."

"பாட்டு?"

"அவ பாட்டுதான். நான் கட்டல. நான் வந்து சேர்ந்தப்போ ஊரே அதைப் பாடிக்கிட்டிருந்துச்சு. நானும் பாடுனேன். உங்க பாட்டான்னு யாரோ கேட்டாவ. இல்லன்னு சொல்ல வாய் வரல. அன்னைக்குச் சொல்லாதது, பெறவு எப்பவுமே சொல்ல முடியல."

"நீங்க எங்க போயிருந்தீங்க?"

"போனேன். வந்தேன். வரும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

"ஏன் போனீங்க, அப்பா?"

பெரியவர் மகள் நின்ற திசையில் முகத்தைத் திருப்பினார். வாய் திறந்தது. பிறகு குனிந்து இன்னொரு ஈர்க்கை எடுத்துக் கீரையை உருவிக்கொண்டே, "பயந்துக்கிட்டுப் போனேன்னு எழுதிக்கோம்மா" என்றார்.

"தாள்ல இல்லாததை நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போனார். பெரியவர் எனக்குப் பனங்கற்கண்டு தர டப்பாவைத் தேடினார். டப்பா கை தவறிக் கீழே விழுந்தது. நான் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில் சபைகள் எல்லாம் சேர்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புதிதாக அச்சிட ஏற்பாடு செய்திருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் யார் கட்டியது, எப்போது என்று ஒரு சிறு குறிப்பு எழுதும் வேலை டீச்சரிடம் இருந்தது. அக்கரைப் பாட்டின் குறிப்பைப் பார்த்ததும் பாதிரியாரே கல்லூரிக்கு வந்துவிட்டார். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

"ஏம்மா, பெத்த தகப்பன். இன்னும் எத்தனை வருசம் இருக்கப் போறாரு? அவரு காலத்துக்கு அப்புறம் திருத்திக்கிடலாமே."

"செத்துப் போன எங்கம்மா முப்பத்தஞ்சு வருசமாக் காத்துக்கிட்டிருக்கா, ஐயரே. இந்தத் தாளை மறைச்சு வச்சுட்டு நான் வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைகள் முன்னால எப்படி நிப்பேன்?"

கிறிஸ்துமசுக்கு முன் புத்தகம் வந்தது. பாட்டின் கீழே பொடி எழுத்தில் இருந்தது: 'இதைக் கட்டியவர் உபதேசியார் என்று இதுவரை சொல்லிவந்தது சரியன்று. கட்டியவர் அவருடைய மனைவி. கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளிகள் நடுவே பாடப்பட்டது. கணவர் அச்சமயம் ஊரில் இல்லை.'

டீச்சர் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாராம். அவர், "சரியா இருக்கு" என்றாராம்.

கடைசி நாலு வார்த்தை போதுமாயிருந்தது ஊருக்கு. பெண்டாட்டி பேதியில் கிடக்கும்போது ஓடிப்போனவன், அவள் பாட்டைத் திருடி முப்பத்தைந்து வருஷம் பேர் வாங்கினவன் என்று பேசினார்கள். சந்தையில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள். வண்டி வருவது நின்றுபோயிற்று. சாவு மணி அடிக்கும்போது பெரியவர் பழக்கத்தில் எழுந்து கோட்டை மாட்டி, தலைப்பாகை கட்டிக் கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். வெயில் ஏறும். பொழுது சாயும். பிறகு அவரே கோட்டைக் கழற்றிக் கொடியில் போடுவார். இதை நான் என் கண்ணால் இரண்டு தடவை பார்த்தேன். டீச்சரும் பார்த்துக்கொண்டுதான் அடுக்களையில் வேலை செய்தார். அவர் தகப்பனாரிடம் பேசியதெல்லாம், "சாப்பாடு வச்சிருக்கு", "வெந்நி வச்சிருக்கு", அவ்வளவுதான். அப்பா என்ற சொல்லை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் கேட்கவில்லை. கடுமை என்று அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாகச் செத்த தாயை அவர் அன்றுதான் முதல் தடவை பார்த்தார்.

சித்திரை பிறந்ததும் விடுமுறைக்குக் களக்காட்டுக்குப் போனேன். புதுப் புத்தகம் ஒன்று கொண்டுபோயிருந்தேன். முதல் ஞாயிறு சாயங்கால ஜெபத்தில், பாட்டுகளின் கீழே உள்ள குறிப்புகளைச் சபைக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் அப்பா. அக்கரைப் பாட்டின் குறிப்பை வாசித்து முடித்தேன். பெண்கள் பக்கம் பின்வரிசையிலிருந்து, ஓலைப்பெட்டி முடைந்து விற்கும் ஒரு கிழவி எழுந்துவிட்டாள்.

"என்னது, ஊர்ல இல்லன்னா போட்டிருக்கு? எங்கூடல்லா வந்தாரு!"

ஜெபம் முடிந்ததும் அவளைக் கோயில் படியில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"எம்பிள்ளை பேதியில போயி ரெண்டு நாளு. பாலு கட்டி மாரு வலிக்கக் கெடந்தேன். உபதேசியாரு சம்சாரம் வந்து தன் பிள்ளையை எம்மடியில போட்டுச்சு. ஆறு மாசப் பிள்ளை. 'இதுக்குப் பாலு குடு. இங்கன இருந்தா இதுவும் போயிரும். இவரு உன்னைய நீ பொறந்த ஊரு களக்காட்டுல கொண்டு விடுவாரு'ன்னுச்சு. அவரு கேக்கல. 'நான் இருந்து ஊரைப் பாக்கேன், நீ போ'ன்னாரு. அப்பந்தான் அது சொல்லுச்சு, 'எனக்கு விடியக்காலத்துலேர்ந்து வயிறு கலங்குது. நான் வந்தா நோவும் கூட வரும். நீங்க போங்க'ன்னு. அந்த மனுசன் தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. ரெண்டு நாளு நடந்தோம், ஏளா. பிள்ளையை அவருதான் தூக்கியாந்தாரு. பாலுக்கு மட்டும் எங்கிட்ட தருவாரு. இங்கன கொண்டு விட்டுட்டுத் தண்ணி கூடக் குடிக்காமத் திரும்பி ஓடுனாரு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல, பாட்டி?"

"மூணு வயசுல பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்தப்போ எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. 'தன்னாலதான் ஆத்தா தனியாச் செத்தான்னு அது நெனச்சிரக் கூடாது. ஒருத்தருக்கும் சொல்லாத'ன்னாரு. நானும் சொல்லல. இப்ப அவரை ஓடிப்போனவருன்னு எழுதிப்புட்டாவளே, இனி எனக்கு என்ன சத்தியம்?" பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை நல்லா இருக்கா? எம்பாலு குடிச்ச பிள்ளை" என்று கேட்டாள்.

அன்று இரண்டு வரி எழுதித் தபாலில் போட்டிருந்தால் மூன்றாம் நாள் பாளையங்கோட்டையில் கிடைத்திருக்கும். நான் போடவில்லை.

டீச்சர் கற்றுக்கொடுத்தபடி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். மேலே தேதி போட்டேன். கிழவியை நாலு நாள் உட்கார வைத்து, ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டு, அவள் வார்த்தையிலேயே எழுதினேன். அவள் விரல் ரேகையை வைக்கச் செய்தேன். அப்பாவையும் பள்ளிக்கூட வாத்தியாரையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தேன். எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அப்போதும் அனுப்பவில்லை. தபாலில் தொலைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தத் தாளை என் கையாலேயே டீச்சரிடம் கொடுக்க வேண்டும், அவர் வாசிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், நல்ல மாணவி என்று அவர் சொல்ல வேண்டும். அதற்காக மடித்துப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன்.

கல்லூரி திறந்து வண்டியை விட்டு இறங்கியதும் நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாதுமை மரத்தடியில் கட்டில் இல்லை. பெரியவரை அடக்கம் பண்ணிப் பத்து நாள் ஆகியிருந்தது. காய்ச்சல், நாலே நாள்.

டீச்சர் தாளை நின்றபடி வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். கிழவியின் ரேகையைக் கறுத்த விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தார். அதில் கண் நின்றது. அவர் நாளைக் கணக்கிடுவது எனக்குத் தெரிந்தது. தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒரு காலணாக் கார்டு போட்டிருக்கலாமே, ஏட்டி" என்றார்.

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. சற்றுப் பொறுத்து என் தலையில் கை வைத்து, "நான் மட்டும் என்ன? எதிர்லயே உட்கார்ந்திருந்தாரு. தாளை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன், அவரை ரெண்டாவது தடவை கேக்கல" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையும் வகுப்பு நடந்தது. இரண்டு தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஊரில் இல்லைன்னு முதல் தாள் சொல்லுது. அது பொய் இல்ல. ஏன் இல்லைன்னு ரெண்டாவது தாள் சொல்லுது. முதல் தாளை எழுதுனவரு, இவரு போன பெறவு வந்தவரு. இவரு கிளம்பும்போது நடந்தது அவருக்குத் தெரியாது. அதைக் குறிப்பா எழுதி அச்சுல போட்டவ, ஒரு தாளோட நின்னுட்டா. இதுதான் இன்னைக்குப் பாடம்." மணி அடிக்கும் வரை நாங்கள் ஆறு பேரும் இரண்டு தாளையும் நகல் எடுத்தோம்.

புத்தகத்தைத் திருத்தி அச்சிடச் சபைக் கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. பைண்டு செய்து, ஊர் ஊராய் அனுப்பியாயிற்று என்றார்கள். டீச்சர் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பேனாவும் மைக்கூடும் எடுத்துக்கொண்டு மாட்டுவண்டியில் கிளம்பினார். முதலில் களக்காட்டுக்குத்தான் வந்தார். கிழவி முற்றத்தில் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். டீச்சர் அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். கிழவி ஓலையைக் கீழே போட்டுவிட்டு, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆத்தா மாதிரி இல்ல, அப்படியே அவரு மாதிரி இருக்க" என்றாள். டீச்சர் அழுததை நான் பார்த்தது அன்றுதான். அப்பா, அப்பா என்று சொல்லித்தான் அழுதார்.

பிறகு ஊர் ஊராய்ப் போனார். ஒவ்வொரு கோயிலிலும் இருக்கிற புத்தகங்களை வாங்கி, அக்கரைப் பாட்டின் பக்கத்தைத் திறந்து, அச்சடித்த குறிப்பின் கீழே தன் கையால் எழுதினார்: 'ஊரில் இல்லாதது, தம் குழந்தையைக் காப்பாற்றத் தூக்கிப் போனதனால். அந்தக் குழந்தை எழுதியது.' ஒரு கோயிலில் இருபது புத்தகம் இருந்தால் இருபதிலும் எழுதுவார். பேசினவர்களில் சிலர் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். "எங்கிட்டக் கேட்டு என்ன செய்ய?" என்பார்.

படிப்பு முடிந்து நான் வேலைக்குப் போவதற்கு முந்தின நாள், என்னிடமிருந்த புத்தகத்தை அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அதில் மட்டும் அவர் எழுதியிருக்கவில்லை. அவர் வாங்கவில்லை. பேனாவை மையில் தோய்த்து என்னிடம் தந்தார்.

"இதுல நீ எழுது. கேட்டு வந்தவ நீதான."

முதல் வரியை அவர் எழுதுகிறபடியே எழுதினேன். 'அந்தக் குழந்தை எழுதியது' என்ற இரண்டாவது வரியை நான் எழுத முடியாது. பேனாவை மறுபடி மையில் தோய்த்தேன். பிறகு எழுதினேன்: 'இதைத் தெரிந்துகொண்டு ஆறு வாரம் பெட்டியில் வைத்திருந்தவள் எழுதியது.'

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை வாசித்தார். திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை. மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தபடியே ஜன்னலில் வைத்தார்.